நடக்காததைச் சொல்லும் இலக்கணம்

(ஆங்கில ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய பொருள் ஆசை, வருத்தம், விருப்பம். இந்த மூன்றையும் ஆங்கிலம் எப்படிச் சொல்கிறது என்பதே பேச்சு. பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். ‘விஷ்’ வந்தால் இது, ‘இஃப் ஒன்லி’ வந்தால் அது, ‘வுட் ராதர்’ வந்தால் இன்னொன்று என்று விதிகள் வரிசையாக இருக்கும். அடியில் கோடிட்ட இடங்கள் பத்து. தேர்வு முடிந்ததும் பலருக்கும் மறந்துபோகும்.

மறக்கக்கூடிய பாடமா இது? மனிதன் நாள் முழுக்க நடந்ததை மட்டுமா பேசுகிறான்? கிடைக்காத வேலையைப் பேசுகிறான். சொல்லாமல் விட்ட வார்த்தையைப் பேசுகிறான். தவறவிட்ட ரயிலைப் பேசுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று பேசுகிறான். நடக்காதவற்றைப் பற்றிய பேச்சு நம் வாழ்க்கையில் பாதி. அந்தப் பாதிக்கான இலக்கணம்தான் இது.

ஒரு பத்தாம் வகுப்பு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார்: “ஐ விஷ் ஐ ஹேட் எ சைக்கிள்.” பொருளும் சொல்கிறார்: என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தால் நன்றாக இருக்கும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கை தூக்குகிறாள். “மிஸ், சைக்கிள் இல்லாதது இன்னைக்குத்தானே? ‘ஹேட்’ பாஸ்ட் டென்ஸ் ஆச்சே? நேத்து இருந்தது, இன்னைக்கு இல்லைன்னு ஆகாதா?” ஆசிரியர் என்ன சொல்வார்? பெரும்பாலும், “‘விஷ்’ வந்தா பின்னாடி பாஸ்ட் டென்ஸ் போடணும்மா, அதுதான் ரூல்” என்பார். மாணவி உட்கார்ந்துவிடுவாள். விதி நோட்டில் ஏறிவிடும். கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அந்த மாணவி கேட்டது அருமையான கேள்வி. பெரிய இலக்கண அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்த கேள்வி. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன், ஆங்கில இலக்கணத்தை ஏழு தொகுதிகளில் எழுதியவர். 1924இல் வெளிவந்த தம் இலக்கணத் தத்துவ நூலில், காலம் காட்டும் வடிவங்கள் காலத்தைக் காட்டாமலும் வரும் என்பதைத் தனியே எடுத்து விளக்கினார். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் தொகுத்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பேரிலக்கணம் 1,800 பக்கங்களுக்கு மேல் நீள்வது. அதிலும் இந்த இறந்தகால வடிவத்துக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், அந்த வடிவம் குறிப்பது தொலைவு.

தொலைவு! இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இன்றைய பாடம் முழுதும் கைக்குள் வந்துவிடும்.

எதிலிருந்து தொலைவு? மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது, இன்றிலிருந்து தொலைவு. “ஐ ஹேட் எ சைக்கிள் இன் 2010.” அன்று இருந்தது, காலம் விலகிவிட்டது. இரண்டாவது, உண்மையிலிருந்து தொலைவு. “ஐ விஷ் ஐ ஹேட் எ சைக்கிள்.” காலம் இன்றுதான், ஆனால் பேச்சு நிஜத்தை விட்டு விலகிவிட்டது. மூன்றாவது, எதிரில் இருப்பவரிடமிருந்து தொலைவு. வங்கி மேலாளரிடம் போய், “ஐ வாண்டட் டு ஆஸ்க் யூ சம்திங்” என்கிறோம். கேட்க விரும்புவது இப்போதுதான். பிறகு ஏன் ‘வாண்டட்’? மரியாதைக்காக ஓரடி தள்ளி நின்று கேட்கிறோம். ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ பணிவாகக் கேட்பதும் இதனால்தான். வடிவம் ஒன்றுதான். தள்ளி நிற்கும் திசைதான் மூன்று.

இது ஏதோ ஆங்கிலேயருக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். தமிழைப் பாருங்கள். ‘வந்தால்’, ‘இருந்தால்’, ‘கிடைத்தால்’ என்கிறோம். ‘வந்தான்’, ‘இருந்தான்’, ‘கிடைத்தது’ என்பவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளைக்கு மழை வந்தால் என்று சொல்லும்போது மழை இன்னும் வரவில்லை. ஆனாலும் ‘வந்த்’ என்ற அதே இறந்தகால அடிதான் அங்கே நிற்கிறது. நடக்காததைச் சொல்ல இறந்தகால அடியை எடுத்துக்கொள்வது நம் வீட்டிலும் உள்ள வழக்கம்தான்.

அப்படியென்றால் தமிழ் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? இதை ஆசிரியர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். “கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால் நன்றாக இருக்கும்” என்கிறோம். இது இன்றைய ஆசை. “கடற்கரைப் பக்கம் வீடு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்கிறோம். இது கடந்துபோன ஆசை. தமிழில் கடைசியில் வரும் வினைமுற்று காலத்தை எடுத்துச் சொல்லிவிடுகிறது: ‘இருக்கும்’, ‘இருந்திருக்கும்’. ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் ‘ஐ விஷ்’ இரண்டு வாக்கியத்திலும் அசையாமல் அப்படியே இருக்கிறது. மாறுவதெல்லாம் பின்னால் வரும் பகுதி. நம் மாணவன் ‘இருக்கும்’ என்ற தமிழ் முற்றை மனதில் வைத்துக்கொண்டு “ஐ விஷ் ஐ வில் ஹேவ் எ ஹவுஸ்” என்று எழுதிவிடுகிறான். அவன் சோம்பேறி இல்லை. தன் தாய்மொழியின் ஒழுங்கை நேர்மையாகப் பின்பற்றுகிறான். அந்த ஒழுங்கு எந்த இடத்தில் பிரிகிறது என்று காட்டிக்கொடுத்தால் போதும், அவன் திருத்திக்கொள்வான்.

இனி ‘விஷ்’ஷின் மூன்று படிகளுக்கு வருவோம்.

முதல் படி, இன்றைய குறை. “ஐ விஷ் ஐ லிவ்ட் நியர் த சீ.” கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேனா? இல்லை. ஆசை இன்றைக்கு, குறையும் இன்றைக்கு. வினை ஓரடி பின்னால் போகிறது: ‘லிவ்’ என்பது ‘லிவ்ட்’ ஆகிறது.

இரண்டாம் படி, நேற்றைய குறை. “ஐ விஷ் ஐ ஹேட் லிவ்ட் நியர் த சீ.” சின்ன வயதிலேயே அங்கே வாழ்ந்திருக்கலாமே என்ற ஏக்கம் இது. காலத்துக்காக ஓரடி, உண்மையல்ல என்பதற்காக இன்னோரடி. ஆக இரண்டடி பின்னால் போகிறது: ‘ஹேட் லிவ்ட்’. பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று மிரட்டும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த எளிய கணக்குதான்.

மூன்றாம் படி, மாற வேண்டும் என்ற தவிப்பு. “ஐ விஷ் இட் வுட் ரெயின்.” “ஐ விஷ் யூ வுட் லிசன்.” இங்கே ‘வுட்’ வருகிறது. மழை மனம் வைக்க வேண்டும், நீ மனம் வைக்க வேண்டும். பேசுகிறவர் கையில் எதுவும் இல்லை. அடுத்தவருடைய போக்கு மாறவில்லையே என்ற எரிச்சல் இந்த வடிவத்தில் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் “ஐ விஷ் ஐ வுட்” என்று தன்னைப் பற்றிச் சொல்வது பொதுவாக ஆங்கிலத்தில் பொருந்துவதில்லை. தன் மனத்தைத் தானே மாற்றிக்கொள்ளலாமே! அங்கே ‘குட்’ வரும்: முடிந்தால் நன்றாக இருக்குமே என்ற பொருளில்.

இந்த மூன்று படிகளுக்கும் வெளியே நிற்கிறது ‘ஹோப்’. தேர்வு எழுதப் போகும் பிள்ளையிடம் என்ன சொல்வோம்? “ஐ ஹோப் யூ பாஸ்.” முடிவு இன்னும் வரவில்லை, வாய்ப்பு உயிரோடு இருக்கிறது. எனவே வினை பின்வாங்கத் தேவையில்லை. ‘ஹோப்’ இருக்கும் இடத்தில் வழி திறந்திருக்கிறது. ‘விஷ்’ வாக்கியத்தை இழுத்துவரும் இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது பேசுகிறவருக்கு அப்படித் தோன்றுகிறது. “ஐ விஷ் யூ பாஸ்” என்று எழுதுவது நம் ஊரில் மிகப் பரவலான பிழை. ஆனால் “ஐ விஷ் யூ சக்சஸ்” சரிதான். ஏனென்றால் பின்னால் வருவது வாக்கியமல்ல, பெயர்ச்சொல். பிறந்தநாள் வாழ்த்தும் புத்தாண்டு வாழ்த்தும் அந்தப் பெயர்ச்சொல் வகையைச் சேர்ந்தவை.

வாழ்த்து என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘காட் சேவ் த கிங்’ என்ற பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் பெயரில் ‘சேவ்ஸ்’ என்று ஏன் ‘எஸ்’ வரவில்லை? கடவுளுக்கு யாரும் கட்டளையிடவில்லை. கடவுள் காப்பாராக என்ற வேண்டுதல் அது. தமிழில் ‘வாழ்க’, ‘வெல்க’ என்று நாம் சொல்லும் வியங்கோளுக்கு ஆங்கிலத்தில் எஞ்சி நிற்கும் ஒரு துண்டு.

எஞ்சி நிற்கும் இன்னொரு துண்டுதான் ‘வேர்’. “இஃப் ஐ வேர் யூ” என்று ஏன் சொல்கிறார்கள்? ‘ஐ’க்குப் பின்னால் ‘வாஸ்’ அல்லவா வர வேண்டும்? பழைய ஆங்கிலத்தில், அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய ஆங்கிலத்தில், நிஜத்தைச் சொல்ல ஒரு வினை வடிவமும் நினைப்பைச் சொல்ல வேறொரு வினை வடிவமும் தனித்தனியாக இருந்தன. நாளடைவில் சொற்களின் ஈறுகள் தேய்ந்தன. இரண்டு வடிவங்களும் கலந்து ஒன்றாயின. இறந்தகால வடிவங்களில் தேய்மானத்துக்குத் தப்பித்துத் தனியாக நிற்பது ஒருமையில் வரும் இந்த ‘வேர்’ ஒன்றுதான்.

அதுவும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. பாடகி பியான்சே 2008இல் வெளியிட்ட பாடலின் தலைப்பு ‘இஃப் ஐ வேர் எ பாய்’. பாடகர் பிரின்ஸ் 1987இல் வெளியிட்ட பாடலின் தலைப்பு ‘இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்ஃபிரெண்ட்’. இருவரும் அமெரிக்கர்கள், இருவரும் புகழின் உச்சியில் நின்றவர்கள். ஒருவர் ‘வேர்’ என்றார், ஒருவர் ‘வாஸ்’ என்றார். பேச்சில் இரண்டும் வழங்குகின்றன. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘வேர்’ எழுதுவது பாதுகாப்பு. ‘வாஸ்’ என்று பேசும் மாணவனைப் பிரம்பு எடுத்து விரட்ட வேண்டியதில்லை.

ஆசையைப் பார்த்தோம். அடுத்தது வருத்தம்.

நடந்து முடிந்ததை மாற்ற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மனம் ஏன் அதையே திருத்தித் திருத்தி எழுதிப் பார்க்கிறது? டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1982இல் ஒரு கதையை வெளியிட்டார்கள். இரண்டு பயணிகள். இருவருக்கும் விமானம் வேறு, புறப்படும் நேரம் ஒன்று. ஒரே வண்டியில் விமான நிலையத்துக்கு வருகிறார்கள். சாலை நெரிசலில் சிக்கி அரை மணி நேரம் தாமதம். முதல் ஆளிடம், “உங்கள் விமானம் சரியான நேரத்துக்கே கிளம்பிவிட்டது” என்கிறார்கள். இரண்டாம் ஆளிடம், “உங்கள் விமானம் தாமதமாகி, இப்போதுதான் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பியது” என்கிறார்கள். யாருக்கு வருத்தம் அதிகம்? கேட்கப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் இரண்டாமவரைச் சொன்னார்கள்.

இழப்பில் வித்தியாசம் உண்டா? கிடையாது. இருவருக்கும் விமானம் போயிற்று. ஆனால் இரண்டாமவருக்கு ‘இஃப் ஒன்லி’ வாக்கியம் எத்தனை சுலபமாக நாக்கில் வருகிறது பாருங்கள்! அந்த ஒரு சிக்னலில் நிற்காமல் வந்திருந்தால்! காப்பி குடிக்காமல் கிளம்பியிருந்தால்! “இஃப் ஒன்லி வீ ஹேட் லெஃப்ட் எர்லியர்.” ‘ஐ விஷ்’ தாழ்ந்த குரலில் சொல்வதை ‘இஃப் ஒன்லி’ நெஞ்சில் அறைந்துகொண்டு சொல்கிறது. வினை வடிவம் இரண்டுக்கும் ஒன்றே.

இதைவிடச் சுவையான சான்று ஒலிம்பிக்ஸ் மேடையில் இருக்கிறது. 1992ஆம் ஆண்டு, பார்சிலோனா. வெள்ளி வென்றவர் மகிழ்ச்சியாக இருப்பாரா, வெண்கலம் வென்றவர் மகிழ்ச்சியாக இருப்பாரா? மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூன்று ஆய்வாளர்கள், போட்டி முடிந்த நொடியில் எடுத்த வீடியோக் காட்சிகளைச் சத்தமில்லாமல் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வீரர்களின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெண்கலம் வென்றவர்களுக்குச் சராசரி 7.1. வெள்ளி வென்றவர்களுக்கு 4.8.

ஏன்? வெள்ளி வென்றவர் மேலே பார்க்கிறார்: இன்னும் ஒரு நொடி வேகமாக ஓடியிருந்தால் தங்கம்! வெண்கலம் வென்றவர் கீழே பார்க்கிறார்: ஒரு நொடி பிந்தியிருந்தால் வெறுங்கை! இருவர் மனத்திலும் ஓடுவது ஒரே இலக்கண வடிவம். ஒருவரை அது வாட்டுகிறது, ஒருவரைத் தேற்றுகிறது. 1995இல் வெளிவந்த இந்த ஆய்வை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ‘ஹேட்’டுக்குப் பின் மூன்றாம் வடிவம் என்ற விதி அன்றைக்குத் தானாகவே மனத்தில் பதியும்.

அதே ஆண்டில் கிலோவிச்சும் மெட்வெக்கும் இன்னொன்றையும் எழுதினார்கள். செய்த தவறு உடனடியாகச் சுடுகிறது. ஆனால் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, செய்யாமல் விட்டதுதான் அதிகம் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு ‘நாட்’தான் வேறுபாடு. “ஐ விஷ் ஐ ஹேட்ன்ட் ஷவுட்டட்”, கத்தாமல் இருந்திருக்கலாம். “ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட் மியூசிக்”, இசை படித்திருக்கலாம். ‘ஷுட் ஹேவ்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். “ஐ ஷுட் ஹேவ் கால்ட் ஹர்.” கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை. தன்னைத் தானே குற்றம் சொல்லும் தொனி இதில் கூடுதல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு மொழியில் நடக்காததைச் சொல்லத் தனி வினை வடிவம் இல்லையென்றால், அந்த மொழி பேசுவோரால் இப்படிச் சிந்திக்கவே முடியாதா? ஆல்ஃபிரட் புளூம் என்ற அமெரிக்க அறிஞர் 1981இல் ஏறக்குறைய அப்படித்தான் வாதிட்டார். சீன மொழியில் அந்த வடிவம் இல்லை, எனவே சீனர்களுக்கு நடக்காததைக் கற்பனை செய்து வாதிடுவது கடினம் என்றார். 1983இல் டெர்ரி ஆவ் என்ற ஆய்வாளர் அதே சோதனையை நல்ல, இயல்பான சீனத்தில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். சீன மாணவர்கள் சிரமமில்லாமல் புரிந்துகொண்டார்கள். சிக்கல் மனிதர்களின் மூளையில் இல்லை, தரப்பட்ட கதையின் நடையில் இருந்தது. ஆசையும் வருத்தமும் எல்லா மனிதருக்கும் பொது. அவற்றைச் சொல்லும் வழிதான் மொழிக்கு மொழி மாறுகிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்குச் சிந்தனை குறைவு என்று எந்த ஆசிரியரும் எண்ணிவிடக் கூடாது.

இனி ‘ரிக்ரெட்’ என்ற சொல்லுக்கு வருவோம். இதில் இரண்டு வழி இருக்கிறது. “ஐ ரிக்ரெட் செல்லிங் த ஹவுஸ்.” வீட்டை விற்றாயிற்று, இப்போது வருந்துகிறேன். “வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ.” இனிமேல்தான் ஒரு கெட்ட செய்தி வரப்போகிறது. ‘இங்’ வந்தால் பின்னோக்கிய பார்வை, ‘டு’ வந்தால் அடுத்த வரியில் அடி. வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் கடிதத்தைப் பிரித்து இந்த ‘ரிக்ரெட் டு’வைப் பார்த்தாலே போதும், மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

ரயில் நிலையத்தில் நின்றிருக்கிறீர்கள். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் சொல்கிறது: ஏற்பட்ட சிரமம் ஆழ்ந்த வருத்தத்துக்குரியது என்ற பொருளில், ‘இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்று. கூர்ந்து கேளுங்கள். சிரமத்தைக் கொடுத்தது யார்? வாக்கியத்தில் இல்லை. வருந்துவது யார்? வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டு வினை இருவரையும் மறைத்துவிட்டது. தொலைக்காட்சியில் அந்தக் காலத்தில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை போடுவார்களே, அதில் ‘ஓம்’ என்ற விகுதி இருந்தது. வருந்துகிறவர் யார் என்று அந்த ஈறு சொல்லிவிட்டது.

ரயில் தாமதத்தில் இது சின்ன விஷயம். ஆனால் ரத்தம் சிந்திய இடத்தில்?

1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். ஜெனரல் டயரின் உத்தரவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அரசுக் கணக்குப்படியே 379 பேர் இறந்தார்கள். இந்தியத் தரப்பின் கணக்கு அதைவிட மிக அதிகம். நூறாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்பு, 2019 ஏப்ரல் 10இல், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் பேசினார். நடந்ததற்காகவும் விளைந்த துன்பத்துக்காகவும் ஆழ்ந்து வருந்துவதாகச் சொன்னார். ‘ரிக்ரெட்’ வந்தது, மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் எழுந்து, முழுமையான, ஐயத்துக்கு இடமில்லாத மன்னிப்பு வேண்டும் என்றார். வருந்துகிறவர் யார் என்பது இங்கே தெளிவாக இருந்தது. ஆனால் ‘நடந்தது’ என்கிறோமே, நடத்தியது யார்? ‘விளைந்த’ துன்பம் என்கிறோமே, விளைவித்தது யார்? அந்த இடம் காலியாகவே இருந்தது. இந்தியாவில் பலருக்கு மனம் ஆறாததற்கு இந்தக் காலியிடமும் ஒரு காரணம்.

இதற்கு மாறான ஒரு காட்சி ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்ற கொடுமை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1999 ஆகஸ்டில் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தில் ‘ரிக்ரெட்’ இருந்தது. மக்களுக்கு அது போதவில்லை. 2008 பிப்ரவரி 13இல் புதிய பிரதமர் கெவின் ரட் எழுந்தார். அடுத்தடுத்து வந்த நாடாளுமன்றங்களும் அரசுகளும் இயற்றிய சட்டங்களுக்காக மன்னிப்புக் கேட்டார், ‘சாரி’ என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் செய்தது என்பதும் வாக்கியத்துக்குள் வந்தது, யார் பொறுப்பேற்கிறார் என்பதும் வந்தது. அரங்கில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். இலக்கணம் தேர்வுத் தாளோடு முடிகிற சங்கதி என்று இதற்குப் பிறகும் யாராவது சொல்வார்களா?

மூன்றாவதாக, விருப்பம்.

‘பிரிஃபர்’ என்றதும் நம்மவர்கள் “ஐ பிரிஃபர் டீ தேன் காஃபி” என்பார்கள். ஒப்பிடும்போதெல்லாம் ‘தேன்’ போட்டுப் பழகிய நாக்கு அது. ஆனால் ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ என்ற சொற்களைப் போலவே இதுவும் ‘டு’வைத்தான் கேட்கும்: “ஐ பிரிஃபர் டீ டு காஃபி.” ‘வுட் ராதர்’ வந்தால் ‘தேன்’ திரும்பி வரும், ‘டு’ இருக்காது: “ஐ வுட் ராதர் வாக் தேன் வெயிட்.” ‘பிரிஃபர்’ பொதுவான வழக்கத்தையும் சொல்லும். ‘வுட் ராதர்’ பெரும்பாலும் இந்த நேரத்துத் தேர்வைச் சொல்லும்.

‘வுட் ராதர்’ அடுத்தவரைப் பற்றி வரும்போது என்ன ஆகிறது? “ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ.” நாளைக்கு வா என்கிறோம், ஆனால் வினை ‘கேம்’! அந்த மாணவி இங்கேயும் கை தூக்குவாள். விடை அவளுக்கு இப்போது தெரிந்திருக்கும். அடுத்தவர் என்ன செய்வார் என்பது நம் கையில் இல்லை. அதனால் வினை ஓரடி தள்ளி நிற்கிறது. கூடவே மரியாதையும் கிடைக்கிறது. ‘டோன்ட் ஸ்மோக்’ என்பது உத்தரவு. “ஐ வுட் ராதர் யூ டிடின்ட் ஸ்மோக்” என்பது வேண்டுகோள். இரண்டாவது வகைத் தொலைவும் மூன்றாவது வகைத் தொலைவும் ஒரே வாக்கியத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

ஒரு சின்னப் பிடி: ‘யூ ஹேட் பெட்டர் கோ’ என்பதும் பார்வைக்கு விருப்பம் மாதிரித் தெரியும். அது விருப்பமல்ல, எச்சரிக்கை. போகாவிட்டால் வில்லங்கம் என்று பொருள். மேலதிகாரியிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

விருப்பத்தின் இலக்கணத்தை வைத்து ஒரு முழுக் கதையையே எழுதினார் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில். 1853இல் வெளிவந்தது. நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் அலுவலகம். பத்திரங்களை நகலெடுக்க பார்ட்டில்பி என்ற அமைதியான இளைஞன் வேலைக்குச் சேருகிறான். சில நாள் கழித்து வக்கீல் ஒரு நகலைச் சரிபார்க்கக் கூப்பிடுகிறார். பார்ட்டில்பி மாட்டேன் என்று சொல்வதில்லை, முடியாது என்றும் சொல்வதில்லை. செய்யாமல் இருப்பதையே தான் விரும்புவதாகச் சாந்தமாகச் சொல்கிறான். மாட்டேன் என்றிருந்தால் வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். முடியாது என்றிருந்தால் காரணம் கேட்டிருக்கலாம். விருப்பம் என்று பணிவாகச் சொல்பவனை என்ன செய்வது? வக்கீல் திணறிப்போகிறார். போகப் போக அந்த ‘பிரிஃபர்’ என்ற சொல் அலுவலகத்தில் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. தங்களை அறியாமலே எல்லோரும் அதைச் சொல்லத் தொடங்குகிறார்கள். கடைசியில் பார்ட்டில்பி சிறையில், உணவையும் அதே பணிவோடு மறுத்து இறந்துபோகிறான். மறுப்பை விருப்பமாக மாற்றிச் சொல்லும் ஒரு வாக்கிய அமைப்புக்கு இவ்வளவு வலிமை!

ஆசிரியப் பெருமக்களே, இதையெல்லாம் வகுப்பில் எப்படிக் கொண்டுபோவது? ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் 1930களிலிருந்து நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக விதிகளைக் கொடுத்துவந்திருக்கிறது. ரேமண்ட் மர்ஃபி 1985இல் எழுதிய பயிற்சி நூல் ‘விஷ்’ஷையும் ‘வுட் ராதர்’ரையும் படிப்படியாகப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் விதியிலிருந்து தொடங்காதீர்கள், இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். முதல் கேள்வி: நீ சொல்வது நிஜமா, நினைப்பா? நிஜமில்லை என்றால் வினையை ஓரடி பின்னால் தள்ளு. இரண்டாவது கேள்வி: குறை இன்றையதா, நேற்றையதா? நேற்றையது என்றால் இன்னும் ஓரடி தள்ளு. இந்த இரண்டு கேள்வியில் ‘விஷ்’, ‘இஃப் ஒன்லி’ எல்லாம் அடங்கிவிடும். அடுத்தவர் மனம் மாற வேண்டும் என்றால் மட்டும் ‘வுட்’டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகளின் சொந்த ஆசையைக் கேளுங்கள். யாருக்கு என்ன இல்லை? யார் எதைச் செய்யாமல் விட்டார்கள்? வீட்டில் யார் மாற வேண்டும் என்று நினைக்கிறார்கள்? முதலில் தமிழில் சொல்லட்டும். ‘இருந்தால்’ எங்கே, ‘இருந்திருந்தால்’ எங்கே என்று பலகையில் கோடு போட்டுக் காட்டுங்கள். பிறகு அதே வரியின் கீழே ஆங்கிலத்தை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தில் அவர்களுடைய மனம் இருக்க வேண்டும். சைக்கிள் இல்லாத பெண் சைக்கிளைப் பற்றி எழுதட்டும். பாட்டியிடம் கடைசியாகப் பேசாமல் விட்ட பையன் அதைப் பற்றி எழுதட்டும்.

அடுத்த திங்கட்கிழமை முதல் வகுப்பிலேயே இதைத் தொடங்க முடியும். பலகையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று கோடு போட்டால் போதும். வேறு கருவி எதுவும் வேண்டாம். எழுதி முடித்த வாக்கியங்களில் பிழை இருந்தால், இரண்டு கேள்விகளில் எது தவறிப்போனது என்று எழுதிய பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இப்போது கேள்வி நேரம். மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.